பதினேழாம் வீட்டுத் தரை

நவம்பர் ஒன்பதாம் தேதி, புதன்கிழமை, காலை ஆறு ஐம்பதுக்கு, இரண்டாம் கட்டடம் நான்காம் மாடியில் பதினேழாம் எண் வீட்டுச் சமையலறையில் மின்சாரம் தாக்கி ஒரு பெண் இறந்தார். வயது முப்பத்து நான்கு. துப்புரவு வேலை. அன்று பத்து மணிக்கு அந்த வீட்டின் சாவி, வாங்கியவரிடம் ஒப்படைக்கப்பட இருந்தது.

அதே காலை ஐந்தரைக்கெல்லாம் டெஸ்டர் மூன்றாம் கட்டடத்தில் சுவரைக் கொத்திக்கொண்டிருந்தார். ஒற்றைத் தொங்கு பல்பு. உளி, சுத்தியல். செங்கல் தூள் இமையிலும் மூக்கிலும் படிந்திருந்தது. துப்பினால் எச்சில் சிவப்பாக வந்தது. பைப் புதைக்கும் காடி ஒரு கை நீளம் இறங்குவதற்குள் பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒரு வீட்டு வயரிங்குக்கு முன்பெல்லாம் ஆறு நாள் கொடுத்தார்கள். இப்போது நான்கு. ஆளைக் கூட்டாமல் நாளைக் குறைத்துவிட்டார் முதலாளி. அதனால் வயர்மேன், டைல்காரர், துப்புரவுப் பெண்கள் எல்லாருமே சூரியனுக்கு முன்னால் எழுந்து ஓடிவந்துகொண்டிருந்தார்கள்.

பேனா இருக்க வேண்டிய சட்டைப் பையில் எப்போதும், மின்சாரம் ஓடுகிறதா என்று தொட்டுப் பார்க்கும் டெஸ்டர் செருகியிருப்பதால் அவருக்கு அந்தப் பெயர். வயது நாற்பத்தாறு. "அண்ணே, அண்ணி கோவமா இருக்காங்களான்னு தொட்டுப் பாக்கறதுக்கா அதை வீட்டுக்கும் எடுத்துட்டுப் போறீங்க?" என்று டைல்காரரின் மனைவி, துப்புரவுப் பெண்களில் ஒருத்தி, ஒருநாள் கேட்டாள். நாலு மாடிப் படிக்கட்டும் சிரித்தது. அன்றிலிருந்து அவருக்கு அவள் தங்கச்சி. அவள் புருஷன் மாப்பிள்ளை.

ஏழு மணி வாக்கில் எதிர்க் கட்டடத்திலிருந்து ஒரு அலறல். துப்புரவுப் பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்த பெரியக்காவின் குரல். டெஸ்டர் உளியைப் போட்டுவிட்டு ஓடினார்.

பதினேழாம் வீட்டில் ஆசிட் நெடியும் பிளாஸ்டிக் கருகிய வாடையும். சமையலறைத் தரை முழுக்கத் தண்ணீர். அதில் தங்கச்சி ஒருக்களித்துக் கிடந்தாள். ஒரு கை சிங்க்கின் இரும்புக் காலைப் பற்றியபடி இருந்தது.

"தண்ணில யாரும் கால் வைக்காதீங்க!"

கத்தியபடியே நடையில் இருந்த மின்பலகையின் மெயினை இறக்கினார். பெரியக்கா உள்ளே பாய்ந்து அவளைத் தூக்கி மடியில் போட்டுக் கன்னத்தைத் தட்டினாள், நெஞ்சை அழுத்தினாள். டெஸ்டர் பலகையின் மூடியைத் திறந்தார். டிரிப்பரின் மேல்முனையிலிருந்து கீழ்முனைக்கு ஒரு துண்டு வயர் பாலம் போட்டிருந்தது. முறுக்கிய விதத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, தம் கைதான்.

நாற்பது வீடுகளிலும், குடிவந்த பிறகு, சமையலறையின் நடுவில் ஒரு மேடை வரப்போகிறது. அதில் கெட்டிலும் மிக்சியும் செருக, சுவரிலிருந்து வயர் தொங்கக் கூடாது. தரையிலிருந்தே ஒரு சாக்கெட் வேண்டும். வரைபடத்தில் போட்டிருந்தது கனமான உலோகப் பெட்டி, பித்தளை மூடி, மூடிக்குள் ரப்பர் வாஷர், தரையைவிட இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், உயர்ந்து நிற்கும் விளிம்பு. வாங்க வருகிறவர்களுக்குக் காட்டவென்றே கட்டிய தனி மாதிரி வீட்டில் அப்படித்தான் இருந்தது. மாட்டியவரும் டெஸ்டர்தான். நாற்பது வீடுகளுக்கும் வந்து இறங்கியதோ சுவரில் வைக்கும் சாதாரணப் பெட்டி. மேலே பிளாஸ்டிக் மூடி.

"சார், இது செவுத்துல வைக்கறது. தரைல வச்சா தண்ணி இறங்குமே" என்று சூப்பர்வைசரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"மேல மேடை வந்து மூடிக்கப் போகுது. யாரு தண்ணி ஊத்தப் போறா? மாட்டுப்பா."

மாட்டினார். ஒரு முறை கேட்டார், நாற்பது முறை மாட்டினார்.

டிரிப்பர் கதை வேறு. மின்சாரம் கொஞ்சம் கசிந்தாலும் கண் இமைப்பதற்குள் வெட்டிவிடுவதுதான் அதன் வேலை. டைல் வெட்டுகிற மெஷின் தண்ணீரில் நனைந்தபடி ஓடும். அதனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் டிரிப்பர் விழும். விழுந்தால் டைல் வேலை நிற்கும், சூப்பர்வைசர் கத்துவார். ஆகவே டிரிப்பரின் இரு முனைகளையும் ஒரு வயர்த் துண்டால் சேர்த்துவிடுவார்கள். 'டைரக்ட்' கொடுப்பது என்று பெயர். டைல் முடிந்ததும் கழற்ற வேண்டும். மறக்காமலிருக்க, டைரக்ட் கொடுத்த வீட்டின் வாசல் தாழ்ப்பாளில் சிவப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவைப்பார்கள். கழற்றிய அன்று டேப்பையும் பிய்த்துவிடுவார்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம். ஏழு வயர்மேன்களுக்கு மட்டும் தெரிந்த வழக்கம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டெஸ்டர் அந்த நடையில் போனார். பதினேழின் தாழ்ப்பாளில் சிவப்பு இல்லை. நம்ம ஆள் எவனோ கழற்றிவிட்டான் என்று நினைத்து மேல் மாடிக்கு ஏறிவிட்டார்.

இப்போது சமையலறை வாசலில் அவளுடைய பக்கெட் கவிழ்ந்து கிடந்தது. கைப்பிடியின் பிளாஸ்டிக் உடைந்து எத்தனையோ நாளாகிறது. மிஞ்சியது வெறும் கம்பி. கம்பி உள்ளங்கையை அறுக்காமலிருக்க அவள் அதில் மெத்தென்று ஒன்றைச் சுற்றியிருந்தாள், சுருக்கமில்லாமல், ஒழுங்காக. சிவப்பு இன்சுலேஷன் டேப்.

டெஸ்டர் குனிந்து அதைத் தொட்டார். மூச்சிரைக்க வந்து நின்ற சூப்பர்வைசரிடம், "டேப்பு... அது நான் கட்டின டேப்பு... தாழ்ப்பாள்ல இருந்தது" என்று உளறினார். பெரியக்கா மடியில் கிடந்தவளின் ஈரத் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் மத்தியானம் முதலாளி கூப்பிட்டனுப்பினார். அலுவலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று கட்டடங்களும் பொம்மையாக நின்றன. பொம்மை மரங்களுக்கு அடியில் பொம்மை மனிதர்கள் உலாவிக்கொண்டிருந்தார்கள்.

"உக்காருப்பா" என்றார் முதலாளி.

பதினோரு வருடத்தில் அந்த அறையில் யாரும் அவரை உட்காரச் சொன்னதில்லை. டெஸ்டர் நின்றார். ஒரு தாள் அவர் பக்கம் நகர்ந்தது. தட்டச்சு செய்திருந்தது.

'எச்சரிக்கை அடையாளம் வைக்கப்பட்டிருந்தது. இறந்தவர் அதைத் தம் சொந்த உபயோகத்துக்காக அகற்றிவிட்டார். பின்னர் மின்பெட்டியின் மேல் தண்ணீரை ஊற்றினார். இவற்றை நான் நேரில் அறிவேன்.' கீழே அவர் பெயர், கையெழுத்துக்கு இடம்.

"இதுல எது பொய்? சொல்லு" என்றார் முதலாளி.

டெஸ்டர் இரண்டு தடவை படித்தார். ஒவ்வொரு வரியும் நடந்ததுதான்.

"பெட்டியைப் பத்தி ஒண்ணும் எழுதலீங்களே."

"எந்தப் பெட்டி?"

"தரைல வச்சது. மாதிரி வீட்ல பித்தளை மூடி. இங்க பிளாஸ்டிக்."

"மாதிரி வீடுன்னா பாக்கறதுக்குப்பா. அதை விடு. டைரக்ட் கொடுத்தது யாரு?"

"நான்தான்."

"நான் சொன்னேனா?"

"சூப்பர்வைசர் சொன்னாரு. மெஷின் நிக்கக் கூடாதுன்னு."

மூலையில் நின்ற சூப்பர்வைசர் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மரங்களைப் பார்த்தார். "சீக்கிரம் முடிங்கன்னுதான் சொன்னேன். எப்படி முடிக்கணும்னு சொல்லல."

"கேட்டுக்கிட்டியா?" முதலாளியின் குரல் உயரவில்லை. "கையெழுத்துப் போட்டா இது ஒரு விபத்து. போடலைன்னா உன் லைசென்ஸ் போகும், நீயும் உள்ள போவ. செத்தவளுக்கு இனிமே என்ன வந்துடப் போகுது? இருக்கறவன் நீ. உனக்கும் வீடு, பொண்டாட்டி எல்லாம் இருக்கு. நாளைக்குக் காலைல கொண்டா."

டெஸ்டர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அங்கே செருகியிருந்த டெஸ்டருக்குப் பக்கத்தில் அது முள்ளாக உறுத்தியது.

சாயங்காலம், தொழிலாளிகளின் தகரக் கொட்டகையில் டைல்காரரின் அறைக்குப் போனார். அவரை எல்லாரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நகரும் அந்த மட்டக்கோல் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. குமிழி நடுவில் நிற்காத ஒரு டைலைக்கூட அவர் விட்டதில்லை. இப்போது அது சுவரோரம் சாய்ந்திருந்தது. கொடியில் அவளுடைய வேலைச் சட்டை, காய்ந்து விறைத்துத் தொங்கியது. பெரியக்கா ஒரு தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு, சாப்பிடுவார் என்று காத்திருந்தாள்.

"மாப்ள, ஒண்ணு சொல்லணும். முழுசா கேட்டுட்டு அடிக்கணும்னா அடி."

டைரக்ட் கொடுத்தது, டேப், தாழ்ப்பாள், பக்கெட், அந்தத் தாள் என எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்தபோது ரசமட்டம் எழுந்து வந்து அவர் சட்டையைப் பிடித்தார். பிடித்த கை உயரவில்லை. பிடி விடவும் இல்லை. அப்படியே நின்றார்கள். பிறகு பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த தாளை உருவிக்கொண்டு விளக்கடிக்குப் போய், ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"சொந்த உபயோகத்துக்காக" என்றார். மறுபடியும், "சொந்த உபயோகத்துக்காக. பக்கெட்டு யாரோடது? கம்பெனி பக்கெட்டு."

"மூணு வாரமா வேற பக்கெட்டு கேட்டுட்டே இருந்தா" என்றாள் பெரியக்கா. டெஸ்டர் பக்கம் திரும்பினாள். "ஏன்டா, அந்த டேப்பு ஆபத்துன்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? நீங்க போட்டுட்டுப் போற வயர்த் துண்டு, டேப்பு, பீடித் துண்டு எல்லாத்தையும் பொறுக்கறதுதானே எங்க வேலை? வாசல்ல ஒட்டிக்கிட்டிருந்தா பிய்க்காம கும்பிடவா செய்வோம்?"

"சொல்லலக்கா. எங்க ஏழு பேருக்குத் தெரிஞ்சா போதும்னு இருந்துட்டோம்."

"ரொம்ப நல்லாயிருக்கு. உங்களுக்கு ஒரு பாஷை, எங்களுக்கு ஒரு விளக்குமாறு."

பக்கத்து அறையில் யாரோ இருமினார்கள்.

"தண்ணி ஏன் அந்தப் பெட்டி மேலயே நின்னுச்சு? அதை யாரும் கேக்கலையே" என்றார் ரசமட்டம்.

இருவரும் அவரைப் பார்த்தார்கள்.

"சமையக்கட்டுத் தரைன்னா வாட்டம் விடணும். தண்ணி தானா வடிகால் பக்கம் ஓடற மாதிரி லேசா ஒரு சரிவு. நான் விடல. சூப்பர்வைசர் கோலிக்குண்டை வச்சுப் பாப்பாரு. உருண்டா பிரிச்சுப் போடும்பாரு. நாலு நாள்ல எங்க பிரிக்கறது? அதனால மட்டம் போட்டேன். நூல் பிசகாம மட்டம்." குரல் உடைந்தது. "திங்கக்கிழமை அவளைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். கண்ணாடி மாதிரி இருக்குன்னு சொன்னா. கண்ணாடில தண்ணி எங்க போகும்? அங்கயேதான் நின்னுச்சு."

பெரியக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரசமட்டம் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "கையெழுத்துப் போடப் போறியா மச்சான்?"

"போட்டா நான் தப்பிச்சேன்."

"அது தெரியுது. போடப் போறியான்னு கேட்டேன்."

டெஸ்டர் கொடியில் தொங்கிய சட்டையைப் பார்த்தார். வலது தோளில் ஒரு கிழிசல், வெள்ளை நூலால் தைத்தது.

"இல்ல."

"உள்ள போவ."

"போறேன்."

"தனியா போகாதே" என்றாள் பெரியக்கா. "நீ ஒருத்தன் எழுதிக் கொடுத்தா உன்மேல கேசு. எல்லாரும் சேர்ந்து எழுதினா அவன் அதை உக்காந்து படிச்சுத்தான் ஆகணும். எழுது."

முதலாளியின் தாளைத் திருப்பிப் போட்டு அதன் வெள்ளைப் பக்கத்தில் டெஸ்டர் எழுதினார். முதல் வரி: 'டைரக்ட் கொடுத்தது நான். கழற்றாமல் விட்டது நான்.' அங்கே பேனாவை நிறுத்தினார்.

"மட்டம் போட்டது நான்னு எழுது" என்றார் ரசமட்டம்.

"டேப்பைப் பத்தி எங்களுக்கு யாரும் சொல்லலைன்னு எழுது. பக்கெட்டையும் எழுது. அதை விட்டுடாத" என்றாள் பெரியக்கா.

பிறகு பிளாஸ்டிக் மூடியை எழுதினார்கள். ஆறு நாள் நான்கானதை எழுதினார்கள். இன்னார் சொல்லி டைரக்ட் கொடுத்தோம் என்பதை எழுதினார்கள். அதற்குள் வாசலில் ஆள் சேர்ந்துவிட்டது. தாள் கை மாறியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பெரியக்கா ஒருதரம் முழுக்கப் படித்துக் காட்டவைத்தாள். கேட்ட பிறகுதான் கைநாட்டு.

மறுநாள் விடியற்காலை முதலாளியின் கார் வந்தபோது வாசலுக்குள் ஒருவரும் போயிருக்கவில்லை. அறுபத்து மூன்று பேர் வெளியே நின்றார்கள்.

"என்ன, ஊர்வலமா?"

"வேலைக்குத்தாங்க வந்தோம்" என்றார் டெஸ்டர். "அதுக்கு முன்னாடி நீங்க கேட்ட பேப்பர். பின்பக்கம் பாருங்க."

முதலாளி படித்தார். முதல் வரியிலேயே சிரித்தார். "உன் தலைல நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டியே."

"என் தலை ஒரு வரிதாங்க. மிச்சத்தையும் படிங்க."

படிக்கப் படிக்கச் சிரிப்பு போயிற்று. காரின் கதவு திறந்தபடியே இருந்தது.

"என்ன வேணும் உங்களுக்கு?"

"மாதிரி வீட்ல இருக்கற பெட்டி எல்லா வீட்லயும் வேணும்" என்றார் ரசமட்டம். மூன்று நாளில் அவர் உரக்கப் பேசியது அதுதான் முதல் தடவை. "அவ தப்புன்னு எந்தப் பேப்பர்லயும் வரக் கூடாது."

"டைரக்ட் கிடையாது. ஒரு குழு வெளிய வந்து அடுத்த குழுகிட்ட எது ஆபத்துன்னு சொல்லாம வீட்டுக்குள்ள கால் வைக்க மாட்டோம். அதுக்கு எவ்வளவு நாள் ஆகுமோ அவ்வளவு நாள்" என்றார் டெஸ்டர்.

"வெளிய ஆயிரம் வயர்மேன் கிடைப்பான்."

"கூட்டிட்டு வாங்க" என்றாள் பெரியக்கா. "வர்றவங்களுக்கும் நாங்க இங்கயே நின்னு சொல்லுவோம். சிவப்பு டேப்புன்னா என்ன, பிளாஸ்டிக் மூடின்னா என்னன்னு. கேட்டுட்டு உள்ள போறவன் போகட்டும்."

அடுத்த இரண்டு நாளில் இரண்டு வேன்களில் ஆட்கள் வந்தார்கள். இறங்கிக் கேட்டார்கள். ஒரு வேன் அப்படியே திரும்பிப் போனது. இன்னொன்றிலிருந்து நான்கு பேர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய், மத்தியானமே வெளியே வந்துவிட்டார்கள்.

தங்கச்சி இறந்த பத்தாம் நாள் வாசலுக்கு ஒரு பெண் வந்தார். பதினேழாம் வீட்டை வாங்கியவர், ஆஸ்பத்திரி நர்ஸ். கையில் வீட்டுச் சாவி. பையில் தம் செலவிலேயே வாங்கிய கனமான உலோகப் பெட்டி, பித்தளை மூடியோடு.

"தினமும் நான் தண்ணி ஊத்திக் கழுவப் போற தரை அது" என்றார். "வேற யாரையும் கூப்பிட எனக்கு மனசு வரல. நீங்களே வச்சுத் தர்றீங்களா?"

"வேலைநிறுத்தத்துல வேலையா?" என்று கூட்டத்தில் ஒருவர் முணுமுணுத்தார்.

"இது அவனுக்குச் செய்யற வேலை இல்ல" என்றாள் பெரியக்கா.

நவம்பர் இருபதாம் தேதி விடிந்தும் விடியாததுமாகப் படியேறினார்கள். முதலில் மெயினை இறக்கி, மின்பலகை முன்னால் ஒரு ஆளை நிறுத்தினார்கள். பழைய பெட்டியை மின் ஆய்வாளர் எடுத்துப்போயிருந்தார். சமையலறையின் நடுவில் ஒரு குழி. அதைச் சுற்றிலும் கண்ணாடி மாதிரித் தரை. ரசமட்டம் மண்டியிட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு உளியை வைத்து ஒரே அடி. தாம் பதித்த டைலைத் தாமே உடைக்கிற சத்தம் வெற்று வீட்டில் பெரிதாகக் கேட்டது. குழியிலிருந்து வடிகால் வரை ஒவ்வொன்றாகப் பெயர்த்து எடுத்தார்.

டெஸ்டர் குழியை ஆழப்படுத்தித் தூசியை ஊதினார். பைப் பெட்டிக்குள் நுழைகிற இடத்தில் ரப்பர் வளையம் போட்டு இறுக்கினார். எல்லாவற்றுக்கும் முன்பாகப் பச்சை வயரை, எர்த்தை, பெட்டியின் உடம்போடு சேர்த்து முடுக்கி, இழுத்துப் பார்த்தார். இன்னொரு தரமும் இழுத்தார். விளிம்பு இரண்டு நூல் உயர்ந்து நிற்கும்படி பெட்டியைப் பிடித்துக்கொள்ள, ரசமட்டம் சுற்றிலும் கலவையை அடைத்தார். இருவர் கையும் ஒரே குழிக்குள் இடித்துக்கொண்டன. டைல்களைப் பதித்தபோது ரசமட்டம் மட்டக்கோலை வைத்துப் பார்த்தார். குமிழி நடுவை விட்டு வடிகாலுக்கு எதிர்ப்பக்கம் விலகி நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதை அப்படியே விட்டார்.

மின்பலகையில் டெஸ்டர் அந்த வயர்த் துண்டு இருந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு மூடினார்.

கலவை இறுகிய பிறகு, சாயங்காலம் பெரியக்கா பக்கெட்டைக் கொண்டுவந்தாள். கைப்பிடியில் டேப் அப்படியே இருந்தது. ரசமட்டம் அதை வாங்கி, சிவப்பின்மேல் விரல்களை மூடி, கொஞ்ச நேரம் தூக்கிப் பிடித்தபடி நின்றார். பிறகு ஊற்றினார். தண்ணீர் பித்தளை மூடியைச் சுற்றிக்கொண்டு வடிகாலை நோக்கி ஓடியது. தரையில் நிற்கவில்லை.

டெஸ்டர் மேலே துடைத்துவிட்டு மூடியைத் திருகித் திறந்து உள்ளே ஒரு காகிதத்தை ஒற்றி எடுத்தார். காய்ந்திருந்தது. மெயினை ஏற்றி, டிரிப்பரின் சோதனைப் பொத்தானை அழுத்தினார். டக்கென்று விழுந்தது.

"மறுபடி" என்றார் ரசமட்டம்.

மறுபடியும் விழுந்தது.

நர்ஸ் அழுதுகொண்டிருந்தார். பெரியக்கா வழக்கம்போல விளக்குமாற்றை எடுத்து உடைந்த டைல் சில்லுகளைக் கூட்டத் தொடங்கினாள். டெஸ்டர் குனிந்து அவளோடு பொறுக்கினார்.

மறுநாள் டெஸ்டரின் லைசென்ஸ் ஆறு மாதத்துக்கு நிறுத்திவைக்கப்பட்டது. வழக்கில் முதல் பெயர் அவருடையது, இரண்டாவது சூப்பர்வைசருடையது, மூன்றாவது முதலாளியுடையது. மற்ற முப்பத்தொன்பது வீடுகளில் பிளாஸ்டிக் மூடிகளே இருந்தன. மாத முடிவு வரை அந்த வீடுகளுக்குள் யாரும் வேலைக்குப் போகவில்லை.